முன்தோல் எரிச்சலும் இறுக்கமும்: காரைக்குடியில் நான் காட்டிய சிறுநீரியல் மருத்துவமனை

மூன்று ஆண்டுகளில் பதினொரு களிம்புக் குழாய்கள் வாங்கியிருக்கிறேன். பூச வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டு யாரும் அவற்றில் ஒன்றைக்கூடத் தந்ததில்லை. கடந்த மாசி மாதம் காரைக்குடியில் உள்ள ஒரு தனியார் சிறுநீரியல் மருத்துவமனைக்குப் போனபோதுதான், முதன்முறையாக ஒருவர் கையுறை மாட்டி, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். அந்த மருத்துவமனை எப்படி இருந்தது, எவ்வளவு செலவானது, எது குறை என்பதையெல்லாம் என்னைப் போன்ற நடுத்தர வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். வாசலில் நிற்கும் வண்டியைக் கொண்டே உள்ளே இருப்பவர் யாரென்று சொல்லிவிடக்கூடிய ஊர் இது; மருத்துவமனையின் பெயரையும் எழுதிவிட்டால் என்னைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும்.

எனக்கு வயது 51. ஆத்தங்குடிப் பக்கம் தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். முன்தோலின் விளிம்பில் அரிப்பு தொடங்கும். இரண்டு நாளில் சிவந்து, மெல்லிய வெடிப்புகள் கண்டு, சிறுநீர் பட்டால் மிளகாய் பட்டதுபோல் எரியும். உள்ளே தயிர்த் திப்பி போல வெள்ளையாக ஏதோ படியும். ஒரு வாரம் பத்து நாளில் தணிந்து, அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ மறுபடி வரும். ஒவ்வொரு முறை ஆறும்போதும் தோல் முன்னைவிடச் சற்று இறுகிக்கொண்டே வந்தது. முதலில் விறைப்பின்போது மட்டும் இழுத்துப் பிடித்தது, பிறகு குளிக்கும்போது பின்னே தள்ளுவதற்கே கடினமாயிற்று. கடைசி ஆறு மாதங்களில் சிறுநீர் கழிக்கையில் தோல் சிறு பலூன்போல் உப்பி, நீர் இரண்டாகப் பிரிந்து சிதறியது. மனைவியிடம் இருந்து விலகியே இருந்தேன். காரணம் கேட்டபோது, கல் அடிக்கும் வேலை, இடுப்பு வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

உடம்புச் சூடு என்றுதான் நானும் நினைத்தேன். நம் பக்கத்தில் வேட்டிக்கு உள்ளே எது வந்தாலும் அதற்குச் சூடு என்று பெயர். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தேன், ஊறவைத்த வெந்தயம் விழுங்கினேன், இளநீர் குடித்தேன். எதுவும் கெடுதல் செய்யவில்லை. கெடுதல் செய்தது, சுத்தமாக இருக்கவேண்டும் என்று நாள்தோறும் மூன்று வேளை சோப்புப் போட்டுக் கழுவியதும், கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றியதும்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

களிம்புகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்தி "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்றால், எங்கே என்ற கேள்வியே இல்லாமல் ஒன்றை எடுத்து வைப்பார்கள். நான் வாங்கியவற்றில் பெரும்பாலானவை ஒரே குழாயில் மூன்று மருந்துகளை அடக்கியவை: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அவற்றோடு குளோபெட்டசால் என்கிற மிக வீரியமான ஸ்டீராய்டு. பூசிய மறுநாளே அரிப்பு அடங்கிவிடும், அதனால்தான் மறுபடி மறுபடி வாங்கத் தோன்றுகிறது. ஸ்டீராய்டு அழற்சியை அமுக்குகிறதே தவிரப் பூஞ்சையைக் கொல்வதில்லை. தோலின் எதிர்ப்பு தளர்ந்த இடத்தில் அது இன்னும் வசதியாக வளர்கிறது. இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. பதினொரு முறையும் என்னிடம் எந்தக் கடையிலும் சீட்டுக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி மருத்துவமனை. பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை எடுத்து மாற்றியிருக்கிறார்கள். முகப்பில் பதிவு மேசை, திண்ணையில் காத்திருப்போர், வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் மருத்துவரும் ஸ்கேன் கருவியும், இரண்டாங்கட்டில் சிறிய அறுவை அரங்கு. சுவர்கள் முழங்கை நீளத் தடிமன், பங்குனி வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. அழகு அவ்வளவும் சரி, ஆனால் இந்த நோய்க்கு இந்தக் கட்டடம் ஏற்றதில்லை. வளவு என்பது ஒருவர் பேசினால் எட்டு அறைக்கும் கேட்பதற்காகக் கட்டப்பட்டது; கல்யாண வீட்டில் ஆச்சிமார் அங்கிருந்தபடியே இரண்டாங்கட்டுச் சமையலை நடத்துவார்கள். பதிவு மேசையில் இருந்த இளைஞர், "அண்ணே, என்ன தொந்தரவுன்னு போடட்டும்?" என்று உரக்கக் கேட்டபோது திண்ணையில் இருந்த ஏழு பேரும் செய்தித்தாளைத் தாழ்த்தினார்கள். "நீர்க்கடுப்பு" என்று சொல்லித் தப்பித்தேன். தொந்தரவை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம், அல்லது மேசையைச் சுற்றி ஒரு மரத் தடுப்பாவது வைக்கலாம். இதற்காக ஒரு மதிப்பெண் குறைக்கிறேன்.

டோக்கன் எண் 14. மாலை ஐந்தரைக்குப் போனேன், ஏழே காலுக்கு அழைத்தார்கள். காத்திருப்பு நீளம்தான், ஆனால் உள்ளே எனக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம் என்பதால், எனக்கு முன்னால் போனவர்களுக்கும் அவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டேன்.

மருத்துவர் என் வயதுக்காரர். கதவைச் சாத்தியபின், "நீர்க்கடுப்புன்னு போட்டிருக்கு. அதுதானாய்யா, வேற ஏதும் இருக்கா?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கியதும் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, வரிசையாகக் கேள்விகள் போட்டார். எந்த வயதில் தொடங்கியது, சிறு வயதில் தோல் தாராளமாகப் பின்னே போயிற்றா, வெடிப்பு எப்போதும் ஒரே இடத்திலா, வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டபின் வருகிறதா, மனைவிக்கு அரிப்பு உண்டா, வேறு தொடர்பு உண்டா. கடைசிக் கேள்வியில் எனக்கு முகம் சுருங்கியது. கடைக் கணக்குக் கேட்பதுபோல் அவர் கேட்ட விதத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எல்லோரிடமும் கேட்பது என்றார், பால்வினை நோய்களுக்கான இரத்தப் பரிசோதனையையும் என் சம்மதம் கேட்டபின்பே எழுதினார். வலி மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்குக் காரணமும் விளங்கியது: சிலருக்குக் குறிப்பிட்ட வலி மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ ஒவ்வாமல், ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் ஆண்குறி மொட்டின் அதே இடத்தில் கருஞ்சிவப்பு வட்டமாகப் புண் வருமாம், அவர்கள் பூஞ்சை மருந்தைப் பூசிக்கொண்டே காலம் தள்ளுவார்களாம்.

அவர் கேட்ட வேறொரு கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. தொழில் என்ன என்று கேட்டுவிட்டு, "சிறுநீர் கழிக்கப் போகுமுன் கை கழுவுவீங்களா?" என்றார். பின்னால் கழுவுவேன் என்றேன். தரைக்கல் பட்டறையில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுவதும் மேலே காய்ந்த கலவையைத் தூவுவதும் எல்லாம் கையால்தான். சிமெண்டு காரத்தன்மை மிக்கது, ஈரத்தில் தோலை அரிக்கும். விரலிடுக்கில் ஒட்டிய சிமெண்டோடு நாளைக்கு ஆறு முறை மென்மையான தோலைத் தொட்டால் அது சும்மா இருக்குமா என்று கேட்டார். இருபத்தாறு ஆண்டாகப் பட்டறை நடத்துகிறேன், இது எனக்குத் தோன்றியதில்லை. கல்யாணச் சமையலில் மிளகாய் அரைப்பவர்களும் இதே பாடத்தை வேறு வழியில் கற்றிருப்பார்கள்.

பிறகு பரிசோதித்தார். வலித்தால் சொல்லச் சொல்லி, வலித்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டார், வலுவில் தள்ளவில்லை. தோல் வெளுத்துத் தடித்து, வளையம் போட்டாற்போல் இருக்கிறதா என்று பார்த்ததாகப் பிறகு விளக்கினார். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற நோயில் அப்படி ஆகும். அது தொற்று இல்லை, யாருக்கும் ஒட்டாது, ஆனால் சிறுநீர்த் துவாரம் வரை சுருக்கிவிடக்கூடியது. சிறிய அளவில் புற்றுநோய் ஆபத்தும் உண்டு என்பதால் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். எனக்கு அது இல்லை. ஆறாத புண், கட்டி, இரத்தக் கசிவு, இடுப்பு மடிப்பில் நெறிகட்டுதல் என்று ஏதேனும் இருந்திருந்தால் அன்றைக்கே திசுப் பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பியிருப்பாராம். அந்த வசதி இங்கே இல்லை.

எனக்கு இருந்தது பூஞ்சையால் வரும் மொட்டு அழற்சி, அதன் தழும்பால் வந்த முன்தோல் குறுக்கம். நடுத்தர வயதில் புதிதாக இப்படி இறுகினால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரையை என்றார். எனக்கு 46 வயதிலிருந்தே சர்க்கரை உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மி.கி.யைத் தாண்டினால் சிறுநீரகம் அதைத் தடுத்து வைக்க முடியாமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. கடைசிச் சொட்டு முன்தோலுக்குள் தங்குகிறது. ஈரம், வெப்பம், இனிப்பு மூன்றும் ஒரே மடிப்பில் கிடைத்தால் கேண்டிடா என்ற பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? அழற்சியில் தோல் வெடிக்கிறது, வெடிப்பு தழும்பாக ஆறுகிறது, தழும்பு சுருங்குகிறது, சுருங்கிய தோலைத் தள்ளிக் கழுவ முடியாததால் ஈரம் இன்னும் தங்குகிறது. செக்குமாட்டுச் சுற்று. இதைத் தாளில் படம் போட்டே காட்டினார், அந்தத் தாளை என்னிடமே கொடுத்தும் விட்டார்.

இந்த மருத்துவமனைக்கு நான் முழு மதிப்பெண் தருவது அடுத்து நடந்ததற்கு. சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் காட்டச் சொன்னார். நல்ல வேளையாகப் பையில் இருந்தன. அவற்றில் ஒன்று டபாகிளிஃப்ளோசின், இரண்டாண்டுக்கு முன் என் சர்க்கரை மருத்துவர் சேர்த்தது. 2020-இல் அதன் காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியபின் விலை வெகுவாக இறங்கியதால், இப்போது சிற்றூர்களிலும் பலர் சாப்பிடும் மாத்திரை அது. அது வேலை செய்யும் வழியே இரத்தத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதுதான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று பெயரெடுத்த மருந்து. அதன் தெரிந்த பக்கவிளைவு, பிறப்புறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்று. நினைத்துப் பார்த்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்த தொல்லை மாதந்தோறும் வரத் தொடங்கியது அந்த மாத்திரைக்குப் பிறகுதான்.

"நீங்களா நிறுத்திடாதீங்க" என்று இரண்டு முறை சொன்னார். தன் கையாலேயே என் சர்க்கரை மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். என் கணக்கில் 400 ரூபாய் கட்டணத்தில் 300 அந்தக் கடிதத்துக்கே தகும். ஒரு மருத்துவர் எழுதியதை இன்னொருவர் சத்தமில்லாமல் அடித்துவிடுவதும், நடுவில் நோயாளி விழிப்பதும்தான் நான் அதுவரை கண்டது. சர்க்கரை மருத்துவர் கடிதத்தைப் படித்துவிட்டு, எனக்கு இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இல்லாததால் அந்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இருப்பவர்களுக்கு முடிவு வேறாக இருக்கலாம்.

அன்று எழுதிய மருந்து ஒன்றே ஒன்று: 1 சதவீத குளோட்ரிமசோல் களிம்பு, காலையும் மாலையும், இரண்டு வாரம். நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. பூஞ்சைக்கு ஒரே வேளை விழுங்கும் ஃப்ளூகோனசோல் மாத்திரையும் உண்டு. நான் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுவதால், இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும் என்று அதைத் தவிர்த்தார். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு 450 ரூபாய், 8.6 வந்தது. காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு "கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த காலத்தின் கணக்கு அது. சிறுநீரில் சர்க்கரை நான்கு பிளஸ் காட்டியதைப் பார்த்து நான் பதறியபோது, டபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவருக்கு அது எப்போதும் அப்படித்தான் காட்டும், இரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

கழுவும் முறைக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்கினார். சோப்பும் கிருமிநாசினியும் கூடாது. வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், நாளைக்கு ஒருமுறை. வலிக்காத அளவுக்கு மட்டும் தோலைத் தள்ளிக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்தியபின், தோலைக் கட்டாயம் முன்னே கொண்டுவந்துவிட வேண்டும். அப்படிக் கொண்டுவராமல் விட்டால் மொட்டுக்குப் பின்னால் கயிறு கட்டினாற்போல் இறுக்கி வீங்கிவிடும். அப்படி ஆனால் இரவோ பகலோ பாராமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் சற்றுக் கடுமையானது. இவ்வளவையும் தமிழில் அச்சடித்த ஒரு தாளாகக் கொடுத்திருக்கலாம். நான் பாதியை வழியிலேயே மறந்து, மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். எடுத்தவர் பதிவு மேசை இளைஞர், "அதை டாக்டரிடம்தான் கேக்கணும்ணே" என்றார். மருத்துவரே இரவு ஒன்பதரைக்குத் திரும்ப அழைத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மனைவியிடம் சொல்லியாக வேண்டியிருந்தது, ஏனென்றால் அவருக்கும் அரிப்பு இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "ஏங்க, எனக்கும் ஒரு வருஷமா இருக்கு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்" என்றார். அவர் மகளிர் மருத்துவரிடம் தனியாகக் காட்டி, மருந்து எடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் எரிச்சல் போய்விட்டது, இறுக்கம் போகவில்லை. இரண்டாம் முறை போனபோது மருத்துவர் எழுதியது ஒரு ஸ்டீராய்டு களிம்பு என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூஞ்சை இருக்கும்போது கண்மூடித்தனமாகப் பூசுவதும், பூஞ்சை தீர்ந்தபின் தழும்பை இளக்குவதற்காக நாள் கணக்கு வைத்துப் பூசுவதும் ஒன்றல்ல என்று விளக்கினார். குளோபெட்டசாலைவிட வீரியம் குறைந்த பீட்டாமெத்தசோன், இறுகிய வளையத்தின்மேல் மட்டும் மெல்லிய பூச்சு, கூடவே வலிக்காத அளவில் தோலை இழுத்து விடும் பயிற்சி, ஆறு வாரம். முடிவு நாளைச் சீட்டிலேயே எழுதி வட்டமிட்டிருந்தார்.

அறுவை சிகிச்சையைப் பற்றி நான்தான் கேட்டேன். முன்தோல் நீக்கம் என்றால் நம் வழக்கத்தில் இல்லாததாயிற்றே என்று தயங்கினேன். குடல்வால் எடுப்பதற்கு வழக்கம் பார்ப்பதில்லையே என்று சிரித்தார். களிம்புக்கு இளகாத தழும்புக்கும், லைக்கன் ஸ்கிளிரோசஸுக்கும், மறுபடி மறுபடி வரும் அழற்சிக்கும் அதுவே உறுதியான தீர்வு. மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்து, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சர்க்கரை கட்டுக்குள் வராமல் செய்தால் புண் ஆறுவது தாமதமாகும் என்பதால், எனக்கு உடனே வேண்டாம் என்றார். இரண்டாங்கட்டில் அறுவை அரங்கை வைத்துக்கொண்டு ஒருவர் இப்படிச் சொன்னது எனக்குப் பெரிதாகப் பட்டது. தேவகோட்டையில் உள்ள என் நண்பர் சென்ற ஆண்டு இதே மருத்துவமனையில் செய்துகொண்டவர். தையல் தானே கரைந்து விழுந்தது, மூன்றாம் வாரத்தில் வேட்டி உரசுவது பழகிவிட்டது, தாம்பத்தியத்துக்கு ஆறு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள் என்றார். முதல் சில இரவுகளில் தூக்கத்தில் தன்னால் வரும் விறைப்பு தையலை இழுத்து எழுப்பிவிடும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதே அவருடைய ஒரே குறை. செலவைத் தாங்க முடியாதவர்கள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ காட்டலாம் என்று மருத்துவரே சொல்கிறார், அதையும் கணக்கில் சேர்க்கிறேன்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. தோல் சாதாரண நிலையில் தாராளமாகப் பின்னே போகிறது. விறைப்பில் இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது. நீர் சிதறுவதில்லை. நடுவில் ஒருமுறை, கானாடுகாத்தானில் ஓர் அறுபதாங்கல்யாணத்தில் மூன்று நாள் பால் பணியாரமும் கந்தரப்பமுமாக வெட்டியபின், இலேசாக அரிப்பு எட்டிப் பார்த்தது; நான்கு நாள் குளோட்ரிமசோலில் போய்விட்டது. ஹெச்பிஏ1சி 7.2-க்கு இறங்கியிருக்கிறது. பட்டறைக் கழிவறைக்கு வெளியே ஒரு குழாயும் தேங்காய் நாரும் வைத்து, ஆட்கள் ஒன்பது பேரையும் உள்ளே போகுமுன் கை கழுவச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, இரண்டு பேர் மட்டும் மருத்துவர் யார் என்று கேட்டார்கள்.

மொத்தச் செலவு, இரண்டு முறை ஆலோசனை, பரிசோதனைகள், களிம்புகள் எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் சொச்சம். பதினொரு குழாய்களுக்கும் நான் கொடுத்தது ஏறக்குறைய அதே அளவு. ஐந்துக்கு நான்கு மதிப்பெண். போகிறவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், பூசிய களிம்புகளின் காலிக் குழாய்களையும் எடுத்துச் செல்லுங்கள். திங்கட்கிழமை சந்தை நாள், கூட்டம் தாங்காது. புதன் மாலை நல்லது. எனக்கு அடுத்த முறை ஐப்பசியில். பதிவு மேசைக்கு ஒரு மரத் தடுப்பு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பழைய வீட்டுக் கதவு ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது என்றும் சொல்லியிருக்கிறேன்.